கடலடியிலிருந்து மலைமுகட்டுக்கு: ஸ்கூபா சுற்றுலாவும் கொடைக்கானல் பயணமும்

திறவுச்சொற்கள்: ஸ்கூபா, மூழ்குதல், அழுத்தக்குறை நோய், பழனிமலை, கொடைக்கானல், சுற்றுலாத் தடம்

முன்னுரை

இராமேசுவரம் – மதுரை – கொடைக்கானல் என்பது தமிழகத்தில் நன்கு பழகிய சுற்றுலாத் தடமாகும். கடல், கோயில், மலை ஆகிய மூன்றையும் சில நாள்களுக்குள் கண்டுவர இது வாய்ப்பளிக்கிறது. மன்னார் வளைகுடாக் கரையிலும் புதுச்சேரியிலும் ஸ்கூபா மூழ்குதல் பொழுதுபோக்காக வளர்ந்துவரும் நிலையில், இத்தகைய பயணங்களில் ஓர் உடலியல் சிக்கலும் உடன் நுழைகிறது. முற்பகலில் கடலடியில் இருந்தவர் அன்றிரவே 2,100 மீட்டர் உயரத்தில் உறங்க முடியும். கடற்சுற்றுலா, மலைச்சுற்றுலா என இரண்டையும் தனித்தனி இயல்களாகப் பிரித்து எழுதுவது நம் வழக்கம். பயணி அவ்வாறு பிரித்துக்கொண்டு பயணம் செய்வதில்லை. இவ்விரண்டும் ஓர் உடலில் சந்திக்கும்போது நிகழ்வதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஒரே மூச்சும் உருளைக் காற்றும்

மூழ்குதல் தமிழர்க்குப் புதிதன்று. கொற்கை முத்து சங்கப் பாடல்களிலேயே பேசப்படுகிறது. தூத்துக்குடிக் கடலின் சங்குகுளித்தலும் நெடிய மரபுடையது. ஆயினும் மரபுவழியில் குளித்தோர் மேற்பரப்பில் இழுத்த ஒரே மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினர். நுரையீரலில் அடங்கிய அச்சிறு அளவு காற்றுக்குமேல் அவர்தம் உடலுக்குள் நைட்ரஜன் புக வழியில்லை.

1943இல் பிரான்சில் ழாக் குஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய மூச்சுக்கருவி இந்நிலையை மாற்றியது. சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு இணையான அழுத்தத்தில் அது காற்றை வழங்குகிறது. கடலில் 10 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்காகும். அங்கு இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் நைட்ரஜனின் அழுத்தமும் இருமடங்காவதால், அது குருதியிலும் தசையிலும் கொழுப்பிலும் சிறிது சிறிதாகக் கரைந்து சேர்கிறது. வெளியேறுவதும் சிறிது சிறிதாகத்தான். அழுத்தம் திடீரெனக் குறைந்தால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல், கரைந்த வளி குமிழ்களாகப் பிரியும். இதுவே அழுத்தக்குறை நோய். நைட்ரஜனே இதற்குக் காரணம் என்பதைப் பால் பெர்ட் 1878இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஆடுகளைக்கொண்டு ஆய்ந்த ஹால்டேன், படிப்படியாக மேலேறுவதற்கான அட்டவணைகளை 1908இல் வெளியிட்டார்.

மலைப்பாதையும் ஒரு மேலேற்றமே

நீர்மட்டத்தை அடைந்தவுடன் மேலேறுதல் முடிந்துவிட்டது எனக் கருதுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ 77 விழுக்காடு மட்டுமே. வத்தலக்குண்டைக் கடந்து மலைப்பாதையில் நுழையும் வாகனம் இரண்டு மணி நேர அளவில் ஏறத்தாழ 1,800 மீட்டர் ஏறிவிடுகிறது. உடலில் எஞ்சியுள்ள நைட்ரஜனுக்குப் பேருந்து, வானூர்தி என்ற வேறுபாடு தெரியாது. பயணிகள் வானூர்தியின் உள்ளழுத்தமும் 2,400 மீட்டர் உயரத்து அழுத்தம்வரை குறைவதுண்டு. மூழ்கியபின் உடனே வானூர்தியில் ஏறலாகாது என்பதைப் பயிற்சி பெற்றோர் அறிவர். மலைப்பேருந்தை அவ்வாறு எண்ணிப் பார்ப்போர் சிலரே என்பது என் கருத்து.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு 2002இல் நடத்திய கருத்தரங்கின் பரிந்துரைகள் ஏறத்தாழ 600 முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்திற்குரியவை. கொடைக்கானல் இவ்வெல்லைக்குள் அடங்குகிறது. ஒருமுறை மட்டும் மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை அல்லது பல நாள் மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருத்தல் வேண்டும். இராமேசுவரத்திலிருந்து கொடைக்கானல் 300 கிலோமீட்டருக்கும் குறைவு. நண்பகலில் கடலிலிருந்து எழுந்து புறப்படுபவர் இரவு எட்டு மணியளவில் மலையில் இருப்பார். மிகக் குறைந்த ஆழத்தில் சில நிமிடங்கள் மட்டும் மூழ்கிய புதியவருக்கு இடர் சிறிதே என்பதையும் இங்குக் கூறுதல் வேண்டும், அச்சமூட்டுவது நோக்கமன்று. பல நாள் தொடர்ந்து ஆழம் சென்றவருக்கே இது பெரிதும் பொருந்தும்.

நோயைக் கண்டறிவதிலும் தடுமாற்றம் உண்டு. களைப்பு, தலைச்சுற்றல், குமட்டல், மூட்டுவலி ஆகியன இதன் அறிகுறிகள். கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வந்தவர் இவற்றை மலைப்பயணத்தின் இயல்பான அயர்ச்சி என்றே கொள்வார். கை கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல் ஆகியவை தோன்றினால் காலம் தாழ்த்தலாகாது. முதலில் தூய ஆக்சிஜன் அளித்தலும் பின்னர் உயரழுத்த அறையில் சிகிச்சையும் தேவைப்படும். அத்தகைய அறைகள் பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளிலேயே உள்ளன. மலையிலிருந்து கீழிறங்குவது ஓரளவு துணைசெய்யுமேயன்றி அதுவே மருத்துவமாகாது.

அறிவிக்கும் வழி

கடலும் மலையும் அருகருகே அமைந்த பிற இடங்கள் இதனைக் கருத்திற்கொண்டுள்ளன. ஹவாய்த் தீவின் மௌனா கேயா மலைக்குச் செல்வோர், முந்தைய 24 மணி நேரத்திற்குள் ஸ்கூபா மூழ்கியிருந்தால் மேலேற வேண்டாம் என அறிவுறுத்தப்படுகின்றனர். அம்மலை 4,200 மீட்டருக்கும் மேற்பட்டது. கொடைக்கானல் அதில் பாதி உயரமே. ஆதலால் அதே கண்டிப்பு இங்குத் தேவையில்லை, அறிவிப்பு தேவை.

அதற்கான வாயில் ஏற்கெனவே திறந்துள்ளது. சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. வாகன நெரிசலுக்காக ஏற்பட்ட அப்பதிவில் மூழ்குதல் குறித்த ஒரு வரி எச்சரிக்கையைச் சேர்க்கலாம். அதனினும் எளிதானது, மூழ்குதலை ஏற்பாடு செய்வோர் பயணியின் அடுத்த ஊரைக் கேட்டறிவது. பயண ஏற்பாட்டாளர்கள் தடத்தையே திருப்பியும் அமைக்கலாம்: முதலில் கொடைக்கானல், பின்னர் மதுரை, இறுதியில் இராமேசுவரம். மலையிலிருந்து இறங்கிக் கடலில் மூழ்குபவருக்கு இவ்விடர் இல்லை. ஊர்கள் அவையே, தொலைவும் அதுவே.