பலகையில் உள்ள வட்டியும் கையில் வரும் வட்டியும்

வட்டி வீதம் எழுதிய பலகையை வங்கியிலோ அஞ்சலகத்திலோ நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒரு திட்டத்திற்கு எதிரே 7.1 என்றும், மற்றொன்றிற்கு எதிரே 7.5 என்றும் எழுதியிருப்பதாகக் கொள்வோம். இவற்றுள் எது மேலானது? “இதென்ன கேள்வி? 7.5 தானே பெரிது!” என்று ஆறாம் வகுப்பு மாணவனும் சொல்லிவிடுவான். ஆயினும், இக்கேள்விக்குப் பாதி விடைதான் பலகையில் இருக்கிறது. மறுபாதி, பணம் போடுகிறவரின் வருமானத்தில் இருக்கிறது. அது எவ்வாறு என்பதைக் கணக்கிட்டே பார்ப்போம்.

இருவகைச் சேமிப்பு

நம் நாட்டில் வங்கியின் நிரந்தர வைப்பில் கிடைக்கும் வட்டி, வைத்திருப்பவரின் வருமானமாகவே கருதப்படுகிறது. சம்பளத்தோடும் பிற வருவாயோடும் அதைக் கூட்டி, மொத்தத் தொகைக்கு வருமானவரி கணக்கிடுவார்கள். பி.பி.எஃப். எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதியோ அத்தகையதன்று. அதன் வட்டிக்கு வரியே கிடையாது.

இந்நிதி 1968-ல் தொடங்கப்பட்டது. தொழிலாளர் சேமநிதி இல்லாத சொந்தத் தொழில் செய்வோரும் முதுமைக்குச் சேமிக்க வழிசெய்வது இதன் நோக்கங்களுள் ஒன்று. தொடக்கத்தில் இதன் வட்டி 4.8 விழுக்காடு. 1986 முதல் 1999 முடிய 12 விழுக்காடு கிடைத்தது. பின்னர்ப் படிப்படியாகக் குறைந்து, 2020 ஏப்ரலில் 7.1 விழுக்காடு ஆயிற்று. 2025 முடிய அதே வீதமே நீடித்தது. ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாயும், மிகுந்தது ஒன்றரை லட்சம் ரூபாயும் இதில் போடலாம். கணக்கின் காலம் 15 ஆண்டுகள்.

ஒரே லட்சம், மூன்று முடிவுகள்

மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் 30 விழுக்காடு வரி கட்டும் உயர் அதிகாரி. இரண்டாமவர் 20 விழுக்காடு வரி கட்டுபவர். மூன்றாமவர் வீட்டிலேயே தையல் வேலை செய்யும் பெண்மணி. வரி கட்டும் அளவுக்கு அவருக்கு வருமானம் இல்லை. மூவரும் 7.5 விழுக்காடு வட்டி தரும் வைப்பில் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் போடுகிறார்கள்.

வரியின்மேல் 4 விழுக்காடு மேல்வரியும் உண்டு. ஆகவே 30 என்பது 31.2 ஆகிறது, 20 என்பது 20.8 ஆகிறது. அதிகாரிக்கு நூறு ரூபாய் வட்டி வந்தால் அவர் கையில் நிற்பது 68 ரூபாய் 80 காசு. அப்படியானால் அவருடைய உண்மையான வட்டி வீதம் 7.5 × 0.688 = 5.16 விழுக்காடு மட்டுமே. இரண்டாமவருக்கு அது 5.94 விழுக்காடு. தையற்காரப் பெண்மணிக்கோ 7.5 விழுக்காடும் முழுமையாகக் கிடைக்கிறது.

வட்டியை எடுக்காமல் 15 ஆண்டுகள் விட்டுவைத்தால், ஒரு லட்சம் ரூபாய் என்னவாகும்? ஆண்டுக்கு ஒருமுறை கூட்டுவட்டி சேர்வதாகவும், வட்டி வீதமும் வரி வீதமும் மாறாமல் இருப்பதாகவும், வரியை அந்த வட்டியிலிருந்தே கட்டுவதாகவும் வைத்துக்கொண்டு, நூறு ரூபாய்க்கு முழுமையாக்கிச் சொல்வோம்.

அதிகாரிக்கு: 2,12,700 ரூபாய்.
இரண்டாமவருக்கு: 2,37,600 ரூபாய்.
பெண்மணிக்கு: 2,95,900 ரூபாய்.

இதே தொகை வரியில்லாத 7.1 விழுக்காட்டில் வளர்ந்திருந்தால், மூவருக்கும் ஒன்றுபோல 2,79,800 ரூபாய் கிடைத்திருக்கும். அதிகாரிக்கு 67,100 ரூபாய் இலாபம். பெண்மணிக்கோ 16,100 ரூபாய் நட்டம்! பலகை ஒன்றுதான், பணமும் ஒன்றுதான். ஆயினும் ஒருவருக்கு நல்லது மற்றவருக்கு நல்லதாக இல்லை.

வரியின் நிழல்

இங்கே கவனிக்கத்தக்க விந்தை ஒன்று உண்டு. வரியே இல்லையெனில் அதிகாரிக்கும் 2,95,900 ரூபாய் கிடைத்திருக்கும். கிடைத்ததோ 2,12,700. குறைந்தது 83,200 ரூபாய். ஆனால் 15 ஆண்டுகளில் அவர் கட்டிய வரியைக் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 51,100 ரூபாய்தான் வருகிறது. மீதி 32,100 ரூபாய் எங்கே போயிற்று?

அது எவர் கைக்கும் போகவில்லை. அவர் கணக்கில் அது பிறக்கவே இல்லை. முதல் ஆண்டில் வரியாகச் சென்ற பணம் கணக்கிலேயே இருந்திருந்தால், அடுத்த 14 ஆண்டுகளும் அது வட்டியை ஈன்றிருக்கும். அந்த வட்டியும் குட்டி போட்டிருக்கும். அசல் வெட்டப்பட்டதால் அதன் சந்ததியும் இல்லாமற் போயிற்று. கூட்டுவட்டி எவ்வளவு வேகமாக வளர்க்கிறதோ, ஆண்டுதோறும் கட்டும் வரியின் விளைவும் அவ்வாறே வளர்கிறது. ஓராண்டில் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு, 15 ஆண்டுகளில் பெருந்தொகையாவது இதனாலேயே.

நினைவில் வைக்க ஒரு சூத்திரம்

வரியில்லா வட்டி வீதத்தை, வரி போக நூறு ரூபாய்க்குக் கையில் நிற்கும் பங்கால் வகுத்துப் பாருங்கள். அதிகாரிக்கு 7.1 ÷ 0.688 = 10.32. அதாவது, வரிக்குரிய வைப்பு ஒன்று 10.32 விழுக்காடு தந்தால்தான் அது அவருக்கு 7.1-க்கு ஈடாகும். இரண்டாமவருக்கு 7.1 ÷ 0.792 = 8.96. பெண்மணிக்கு 7.1 ÷ 1 = 7.1, ஆகவே அதைவிட ஒரு புள்ளி கூடுதலாக எழுதியிருந்தாலும் அவருக்கு அதுவே மேல்.

2025-26ஆம் ஆண்டில், புதிய வரித் திட்டத்தின்கீழ் 12 லட்சம் ரூபாய் வரை சாதாரண வருமானம் உள்ளவருக்கு, கழிவின் பயனாக வரி இல்லை என்றாயிற்று. எனவே, “வரியில்லா வட்டி” என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கிவிட வேண்டியதில்லை. நமக்கு வரியே இல்லாதபோது அச்சலுகையால் நமக்கு ஆவது ஒன்றுமில்லை.

மூன்று மயக்கங்கள்

“வங்கி வரி பிடிக்கவில்லை, ஆகவே வரி இல்லை” என்பது முதல் மயக்கம். 2025 ஏப்ரல் முதல், மூத்த குடிமக்கள் அல்லாதோருக்கு ஓராண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி வரி பிடிக்கும். பிடிக்காவிட்டாலும், வருமானக் கணக்கில் அந்த வட்டியைக் காட்டத்தான் வேண்டும்.

“பிடித்தாயிற்று, கடமை முடிந்தது” என்பது இரண்டாவது மயக்கம். வங்கி பிடிப்பது 10 விழுக்காடுதான். உயர்ந்த வரி அடுக்கில் இருப்பவர் மீதியைக் கட்ட வேண்டும். வரி கட்ட வேண்டாதவர், உரிய உறுதிமொழிப் படிவத்தை முன்னதாகவே தந்தால் பிடித்தத்தைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது மயக்கம் பெயரால் வருவது. வங்கிகளில் ஐந்தாண்டு “வரி சேமிப்பு வைப்பு” என ஒன்று உண்டு. பழைய வரித் திட்டத்தில் இருப்பவருக்குப் போடும் பணத்தில்தான் அது சலுகை தருகிறது. அதன் வட்டிக்கு வரி உண்டு. பி.பி.எஃப். வட்டிக்கோ பழைய திட்டம், புதிய திட்டம் இரண்டிலும் வரி இல்லை.

வட்டிக்கு அப்பால்

அப்படியாயின், தையல் வேலை செய்யும் பெண்மணி பி.பி.எஃப். பக்கமே போகக் கூடாதா? அவ்வாறு முடிவு கட்டிவிட வேண்டாம். அந்நிதியில் உள்ள பணத்தைக் கடன்காரருக்காக நீதிமன்றம் ஜப்தி செய்ய இயலாது. தொழில் நொடித்தாலும் முதுமைக்கென வைத்தது தப்பும். மறுபுறம், மகளின் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ நாளையே பணம் தேவைப்படலாம். பி.பி.எஃப்.-ல் ஏழாம் ஆண்டிலிருந்துதான் ஒரு பகுதியை எடுக்க முடியும். 16,100 ரூபாய் குறைவதையும் காலக்கட்டையும் ஒரு தட்டில் வைத்து, பாதுகாப்பை மறு தட்டில் வைத்து, அவரே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பி.பி.எஃப். கணக்கு வைத்திருப்போர் அறியத்தக்க சிறு செய்தி ஒன்று. ஐந்தாம் தேதி முடிவிலிருந்து மாத இறுதி வரை உள்ள மிகக் குறைந்த இருப்புக்கே அம்மாத வட்டி கணக்கிடப்படுகிறது. 12,000 ரூபாயை ஐந்தாம் தேதிக்குப் பதில் ஆறாம் தேதி கட்டினால், 7.1 விழுக்காட்டில் 71 ரூபாய் நட்டம். ஒரு நாள் தாமதத்திற்கு ஒரு மாத வட்டி!

இன்று மாலை உங்கள் வீட்டுச் சேமிப்புப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எத்தனை விழுக்காடு, வரி உண்டா, வீட்டில் யார் பெயரில் இருக்கிறது, அவர் எந்த வரி அடுக்கில் இருக்கிறார் என்று கேட்டுத் தாளில் எழுதிக் கணக்கிடுங்கள். பள்ளியில் படித்த கூட்டுவட்டிப் பாடம், உங்கள் குடும்பத்திற்கு உண்மையிலேயே பயன்படும் நாள் அதுவாகவே இருக்கலாம்.