நூறு ரூபாய் மாத்திரையில் யாருக்கு எவ்வளவு?

தேங்காய்க்குக்கூட ஊருக்கு ஊர் விலை மாறும், மாத்திரைக்கு மாறாது. காரமடையில் மேட்டுப்பாளையம் ரோட்டோரம் உள்ள மெடிக்கலில் ஓர் அட்டையின் மேல் என்ன விலை அச்சாகியிருக்கிறதோ, சென்னை தியாகராய நகரிலும் அதே பிராண்டுக்கு அதே விலைதான். தூரத்துக்கு வாடகை என்று தனியாக ஒரு பைசா கேட்க முடியாது. "ஏனுங்க, இதே மருந்து கம்மி விலையில வேற கம்பெனியில இருக்குதுங்களா?" என்று கேட்பவர்கள் பெருகிவிட்ட காலத்தில், அந்த விலை எப்படி உருவாகிறது என்று பார்ப்பது நல்லது.

எம்.ஆர்.பி. 100 ரூபாய் போட்ட ஓர் அட்டையை எடுத்துக்கொள்வோம். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத மருந்து. ஜி.எஸ்.டி. 5 சதவீதம் போனால் மிச்சம் 95 ரூபாய் சொச்சம். (2025 செப்டம்பர் 22க்கு முன் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 சதவீதமாக இருந்தது.) இதில் சில்லறைக் கடைக்கு 20 சதவீதம் என்பது தொழிலின் நீண்ட நாள் வழக்கம், அது 19 ரூபாய். கடைக்காரர் கொடுக்கும் 76 ரூபாயில் மொத்த வியாபாரியான ஸ்டாக்கிஸ்டுக்கு 10 சதவீதம், ஏழரை ரூபாய். கம்பெனிக்குப் போய்ச் சேருவது 68, 69 ரூபாய். மூலப்பொருள், தயாரிப்பு, லாரி வாடகை, டிப்போ கமிஷன், டாக்டர்களைப் பார்க்க வரும் ரெப்புகளின் சம்பளம், லாபம் எல்லாம் அதற்குள்தான். பட்டியலில் உள்ள அத்தியாவசிய மருந்தென்றால் கடைக்கு 16, ஸ்டாக்கிஸ்டுக்கு 8 சதவீதம்தான்.

லாரி வாடகைதான் விலையை ஏற்றுகிறது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். மாத்திரைக்கு எடை ஏது? கோவையிலிருந்து காரமடைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஒரு பெட்டிக்குள் பல ஆயிரம் ரூபாய் சரக்கு அடங்கும்போது, அட்டைக்கு விழுவது பைசாக் கணக்குதான். செலவு வேறு இடத்தில் இருக்கிறது. இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் ஜெல் பொட்டலங்களுக்கு நடுவே வரும், வந்ததும் கடையின் ஃபிரிட்ஜுக்குள் போகும். கரண்ட் போனாலும் ஃபிரிட்ஜ் ஓட வேண்டும். கடையின் மூலையில் ஓர் அட்டைப்பெட்டி, அதில் எக்ஸ்பைரி ஆன சரக்கு. ஸ்டாக்கிஸ்டிடம் திருப்பி, கணக்கில் கழித்து வாங்கும் வரை அது முடங்கிய பணம். பதிவு பெற்ற பார்மசிஸ்டுக்குச் சம்பளம் தனி. கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் ஸ்டாக்கிஸ்டுக்கோ வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

விலை எங்கும் ஒன்று என்பதற்கு மறுபக்கமும் உண்டு. வெள்ளியங்காட்டைத் தாண்டி பில்லூர் அணைப் பக்கத்து மலைக் கிராமங்களுக்கு மருந்து கொண்டுபோக ஆகும் கூடுதல் செலவை எம்.ஆர்.பி.யில் ஏற்ற முடியாது. கட்டுப்படியாகாத இடத்தில் யார் கடை வைப்பார்கள்? சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது, அந்தக் கடைசி மைல் செலவை அரசு ஏற்றுக்கொண்டது.

ஆனால் பெரிய பணம் இந்த 20க்கும் 10க்கும் வெளியேதான். 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, பட்டியல் மருந்தின் உச்சவரம்பு தயாரிப்புச் செலவை வைத்து வருவதல்ல. சந்தையில் 1 சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகள் கடைக்காரருக்கு விற்கும் விலையின் சராசரியோடு 16 சதவீதம் சேர்த்தால் அதுதான் உச்சவரம்பு. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துக்குக் கம்பெனி வைத்ததே முதல் விலை; பிறகு ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். எம்.ஆர்.பி.யை உயரத்தில் அச்சடித்துவிட்டு, அடியில் விற்பவருக்குப் பெரிய இடைவெளி விட்டுவைப்பதற்கு இது வசதி.

அந்த இடைவெளி எவ்வளவு என்பது 2019இல் வெட்டவெளிச்சமானது. பிப்ரவரி 27 அன்று, பட்டியலுக்கு வெளியே இருந்த 42 புற்றுநோய் மருந்துகளில் விற்பனை லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. கம்பெனி ஸ்டாக்கிஸ்டுக்குக் கொடுக்கும் விலையில் கைவைக்கவில்லை. ஆனாலும் மார்ச் மாதத்திலேயே 390 பிராண்டுகளின் விலை இறங்கியது, சிலவற்றில் 87 சதவீதம் வரை. கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்களில் விநியோகஸ்தர் மட்டத்திலேயே 198 சதவீதம் வரை லாபம் வைக்கப்பட்டது தெரியவந்து, 2021 ஜூனில் 70 சதவீதத்துக்கு வரம்பு கட்டினார்கள்.

இடையில் உள்ள கைகளைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டரில் மருந்தின் வேதிப்பெயரில் கம்பெனிகளிடம் நேரடியாக வாங்குகிறது. சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்து, மாதிரி பரிசோதனையில் தேறிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போகும். எந்த ஆஸ்பத்திரி எவ்வளவு எடுத்தது என்பதற்கு ஒரு பாஸ்புக். 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட அந்த அட்டைக்கு ஸ்டாக்கிஸ்டும் இல்லை, ரெப்பும் இல்லை. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே வழியில் கழகங்கள் அமைத்தன.

இலவச ஆஸ்பத்திரிக்கு வெளியே, காசு கொடுத்து வாங்குபவருக்கு 2008இல் மத்திய அரசின் ஜன் ஔஷதி கடைகள் வந்தன. 2025 பிப்ரவரி 24இல் தமிழ்நாடு அரசின் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தன. இரண்டின் ரகசியமும் ஒன்றுதான்: ஜெனரிக் மருந்து, மொத்தக் கொள்முதல், குறுகிய பாதை. '20% தள்ளுபடி' போர்டு மாட்டும் பெரிய சங்கிலிக் கடைகளும் இதையே வேறுவிதமாகச் செய்கின்றன. கம்பெனியிடம் நேரே வாங்கி, ஸ்டாக்கிஸ்டின் பங்கையும் சேர்த்து வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுக்க அவற்றால் முடியும். காரமடையின் ஒற்றைக் கடைக்காரரால் அது முடியாது.

விலையைப் பிடித்து வைத்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. மூலப்பொருள் விலையும் டாலர் மதிப்பும் ஏறியதால் உற்பத்தி கட்டுப்படியாகவில்லை, நிறுத்த அனுமதி வேண்டும் என்று கம்பெனிகள் விண்ணப்பித்தன. அதைக் கேட்டு 2024 அக்டோபரில் 8 மருந்துகளின் 11 வகைகளுக்கு உச்சவரம்பை ஒரேயடியாக 50 சதவீதம் ஏற்றியது ஆணையம். அதில் ஆஸ்துமாவுக்கான சால்புட்டமால் மாத்திரையும் பென்சிலின் ஊசியும் உண்டு. இரண்டுமே பல காலமாக மலிவு விலையில் கிடைத்துவந்தவை.