கார் கண்ணாடி உடைந்தால் இன்சூரன்ஸ் எவ்வளவு தரும்? கிளைம் போடும் முன் ஒரு சின்னக் கணக்கு

நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். முன்னால் போகும் ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து வந்து உங்கள் காரின் முன் கண்ணாடியில் 'டப்' என்று விழுகிறது. முதலில் ஒரு புள்ளிதான் தெரியும். வீடு போய்ச் சேருவதற்குள் அது ஒரு கோடாக நீண்டிருக்கும். இல்லையென்றால் மரத்தடியில் நிறுத்திய கார் மேல் தென்னை மட்டை விழுந்திருக்கும். தெருவில் பசங்க அடித்த கிரிக்கெட் பந்து பின் கண்ணாடியை உடைத்திருக்கும்.

"இன்சூரன்ஸ் இருக்கே, கண்ணாடியை ஃப்ரீயா மாத்திக் கொடுத்துடுவாங்க" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். அது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் கிளைம் போட்டால், கையில் வந்த பணத்தை அடுத்த சில வருடங்களில் பிரீமியமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். எப்போது கிளைம் போடலாம், எப்போது கையிலிருந்து செலவு செய்வது நல்லது என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் பாலிசியைத் திறந்து பாருங்கள்

மோட்டார் வாகனச் சட்டப்படி எல்லா வாகனத்துக்கும் கட்டாயமானது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான். உங்கள் வாகனத்தால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பாதுகாப்பு அது. உங்கள் கார் கண்ணாடிக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் கூடக் கிடைக்காது. கண்ணாடிக்குப் பணம் வருவது 'ஓன் டேமேஜ்' எனப்படும் சொந்தச் சேதப் பிரிவிலிருந்து. இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் நாம் பேச்சுவழக்கில் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்கிறோம்.

புதுக் கார் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புதுக் காருக்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை 3 ஆண்டுகளுக்கு மொத்தமாக எடுக்க வேண்டும். ஆனால் அதோடு வரும் ஓன் டேமேஜ் பொதுவாக 1 ஆண்டுக்குத்தான். "மூணு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்களில் சிலருக்கு, இரண்டாம் வருடத்தில் கண்ணாடி உடையும்போதுதான் ஓன் டேமேஜ் எப்போதோ முடிந்துவிட்டது தெரியவருகிறது.

எம்பரிவாகன் செயலியில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடு செல்லுபடியாகும் தேதி காட்டும். அந்தத் தேதியை மட்டும் நம்பிவிடாதீர்கள்; அது தேர்ட் பார்ட்டியின் தேதியாகவும் இருக்கலாம். பாலிசியின் முதல் பக்கத்தில் ஓன் டேமேஜுக்கு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று தனியாக எழுதியிருக்கும். அதைப் பாருங்கள்.

கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது

காரில் ஒரு பாகம் உடைந்து புதிதாக மாற்றினால், இன்சூரன்ஸ் நிறுவனம் முழு விலையையும் தராது. பழைய பாகத்துக்குப் பதில் புதியது கிடைக்கிறது என்பதால் தேய்மானம் என்று ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம். ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதம். உலோக பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து ஏறிக்கொண்டே போகும். 10 வயதைத் தாண்டிய வண்டிக்கு 50 சதவீதம்.

கண்ணாடிக்கு மட்டும் இந்தக் கழிவு பூஜ்யம். கார் 1 வருடம் பழையதாக இருந்தாலும் 8 வருடம் பழையதாக இருந்தாலும் கண்ணாடியின் விலையில் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். 'கண்ணாடிக்கு முழுப் பணமும் வரும்' என்ற பேச்சு வந்தது இதனால்தான்.

இங்கே கண்ணாடி என்றால் நிஜக் கண்ணாடி. ஹெட்லைட்டின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி தெரிந்தாலும், இன்றைய கார்களில் அது பெரும்பாலும் பிளாஸ்டிக். சைடு மிரரில் முகம் பார்க்கும் பகுதி கண்ணாடி, அதைச் சுற்றியுள்ள கூடு பிளாஸ்டிக். பிளாஸ்டிக் என்றால் பாதி விலைதான் வரும். பாலிசியில் ஜீரோ டெப்ரிசியேஷன் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் அந்த மீதிப் பாதியும் கிடைக்கும்.

ஆனாலும் உங்கள் பங்கு ஒன்று உண்டு

தேய்மானம் இல்லை என்பதால் நீங்கள் எதுவுமே கட்ட வேண்டாம் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு கிளைமிலும் வண்டி உரிமையாளர் ஏற்க வேண்டிய ஒரு தொகை உண்டு. அதற்குக் கட்டாயக் கழிவு என்று பெயர். பாலிசியில் 'கம்பல்சரி டிடக்டிபிள்' என்று இருக்கும். 1500 சிசி வரையுள்ள தனியார் கார்களுக்கு ரூ.1,000. அதற்கு மேல் ரூ.2,000. கண்ணாடிக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை.

'பம்பர் டு பம்பர்' எடுத்திருக்கிறேனே என்று கேட்கலாம். ஜீரோ டெப்ரிசியேஷனுக்கு மக்கள் வைத்த பெயர்தான் அது. அது தேய்மானத்தைத்தான் நீக்கும், கட்டாயக் கழிவை நீக்காது. டெலிவரி எடுக்கப் போகும்போது, "ஒண்ணும் கட்ட வேண்டாம்னாங்களே" என்று ஒர்க்‌ஷாப் கவுண்டரில் வாக்குவாதம் வருவது பல நேரம் இந்தக் குழப்பத்தால்தான்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர், "எங்க ஊர்ல கண்ணாடிக்கு டிடக்டிபிளே கிடையாது" என்று சொல்லியிருக்கலாம். அங்கே ஃப்ளோரிடா, கென்டக்கி, தென் கரோலினா போன்ற சில மாநிலங்களில், முழுக் காப்பீடு வைத்திருப்பவரிடம் முன் கண்ணாடிக்குக் கழிவுத் தொகை பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்த விதி அந்த மாநிலங்களோடு சரி, நம் நாட்டுக்குப் பொருந்தாது.

இன்னொன்றையும் சரிபாருங்கள். பிரீமியம் குறைய வேண்டும் என்பதற்காகச் சிலர் 'வாலண்டரி டிடக்டிபிள்', அதாவது தாமாக ஏற்கும் கழிவு என்று ரூ.2,500, ரூ.5,000 அல்லது அதற்கு மேலும் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது விலை குறைகிறதே என்று அந்தக் கட்டத்தை டிக் செய்திருக்கலாம். கிளைம் வந்தால் இந்தத் தொகையும் கட்டாயக் கழிவும் சேர்ந்தே பிடிக்கப்படும். ரூ.5,000 விருப்பக் கழிவு இருக்கும் காரில் ரூ.4,000 கண்ணாடி உடைந்தால் கிளைம் போடுவதில் அர்த்தமே இல்லை.

பில்லை எப்படிப் படிப்பது?

புரிவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு. 1200 சிசி கார். ஜீரோ டெப்ரிசியேஷன் எடுக்கவில்லை. முன் கண்ணாடி மாற்றிய பில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

- கண்ணாடி ரூ.12,000: தேய்மானம் இல்லை. முழுவதும் ஏற்கப்படும்.
- ரப்பர் பீடிங் ரூ.1,200: 50 சதவீதக் கழிவு. ரூ.600 உங்கள் பங்கு.
- ஒட்டும் பசை, கிளீனர் ரூ.800: இவை 'கன்ஸ்யூமபிள்ஸ்'. தனி ஆட்-ஆன் இல்லையென்றால் பொதுவாக இதுவும் உங்கள் பங்கு.
- வேலைக்கூலி ரூ.1,500: ஏற்கப்படும்.
- கட்டாயக் கழிவு ரூ.1,000: உங்கள் பங்கு.

மொத்த பில் ரூ.15,500. நீங்கள் கட்டுவது ரூ.2,400. இன்சூரன்ஸ் தருவது ரூ.13,100.

"பதிமூணாயிரம் வருதே, போட்டுடலாம்" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

கிளைம் போடலாமா, வேண்டாமா?

கிளைம் இல்லாமல் ஓட்டிய ஒவ்வொரு வருடத்துக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் ஒரு தள்ளுபடி கிடைக்கும். அதுதான் நோ கிளைம் போனஸ், சுருக்கமாக என்சிபி. முதல் வருடம் முடிந்தால் 20 சதவீதம். பிறகு வரிசையாக 25, 35, 45, 50 சதவீதம். ஒரே ஒரு கிளைம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் இது பூஜ்யத்துக்கு வந்துவிடும். கண்ணாடி கிளைமும் கிளைம்தான்.

மேலே சொன்ன காரையே எடுத்துக்கொள்வோம். இப்போது 35 சதவீத என்சிபி இருக்கிறது. தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் வருடம் ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம். இது வருடாவருடம் கொஞ்சம் மாறும். கணக்குக்காக அப்படியே வைக்கிறோம்.

- அடுத்த வருடம்: கிளைம் போடாவிட்டால் 45 சதவீதத் தள்ளுபடி, கட்டுவது ரூ.5,500. போட்டால் ரூ.10,000. வித்தியாசம் ரூ.4,500.
- இரண்டாம் வருடம்: ஒரு பக்கம் ரூ.5,000, மறுபக்கம் ரூ.8,000. வித்தியாசம் ரூ.3,000.
- மூன்றாம் வருடம்: ரூ.5,000க்கும் ரூ.7,500க்கும் இடையே ரூ.2,500.

மூன்று வருடத்தில் மட்டும் ரூ.10,000 கூடுதலாகப் போகிறது. வாங்கிய ரூ.13,100இல் பெரும்பகுதி திரும்பிப் போய்விட்டது. இதுவே ரூ.4,000 விலையுள்ள கதவுக் கண்ணாடியாக இருந்தால்? இன்சூரன்ஸில் வருவது அதிகபட்சம் ரூ.3,000. இழப்பது ரூ.10,000. கையிலிருந்து மாற்றிக்கொள்வதே லாபம்.

அதே நேரம் சென்சார், கேமரா வைத்த விலை உயர்ந்த முன் கண்ணாடி என்றாலோ, கண்ணாடியோடு பானெட்டும் நசுங்கியிருந்தாலோ, உங்கள் என்சிபி ஏற்கெனவே பூஜ்யமாக இருந்தாலோ தயங்காமல் கிளைம் போடலாம். 'என்சிபி புரொடெக்ட்' ஆட்-ஆன் எடுத்திருப்பவர்களுக்கும் கணக்கு மாறும். சில நிறுவனங்கள் கண்ணாடியை மாற்றாமல் பழுது மட்டும் பார்த்தால் என்சிபியைக் குறைப்பதில்லை. உங்கள் பாலிசியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள். பதிலை இமெயிலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சிறு புள்ளி என்றால் மாற்றவே வேண்டாமாக இருக்கலாம். முன் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்யப்படுவது. அதனால்தான் கல் பட்டாலும் அது பொலபொலவென்று கொட்டுவதில்லை. ஓட்டுநரின் நேர் பார்வையில் இல்லாத சிறு புள்ளியை ரெசின் ஊற்றி அடைக்க முடியும். கோடு நீளும் முன் போனால்தான் இது சாத்தியம். பக்கக் கண்ணாடிகள் வேறு வகை. உடைந்தால் கற்கண்டுபோல் சிதறிவிடும், மாற்றித்தான் ஆக வேண்டும்.

கிளைம் போட முடிவு செய்தால்

1. கண்ணாடியை மாற்றிவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். முதலில் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சேதத்தைப் பார்க்கும் முன் மாற்றினால் கிளைம் சிக்கலாகிவிடும்.
2. ஃபோட்டோ எடுங்கள். நம்பர் பிளேட்டோடு முழு வண்டி ஒன்று, உடைந்த இடம் தூரத்திலும் கிட்டத்திலும் ஒவ்வொன்று. பல நிறுவனங்களின் செயலியிலேயே இவற்றைப் பதிவேற்றலாம்.
3. வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், போலி எண்கள் நிறைய உலவுகின்றன. பாலிசியில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். ஓடிபி கேட்டு யாராவது ஏமாற்றிவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.
4. ஆர்சி, ஓட்டுநர் உரிமம் இரண்டையும் டிஜிலாக்கரில் தயாராக வையுங்கள். சம்பவ நேரத்தில் வண்டி ஓட்டியவரின் உரிமம் செல்லுபடியாகி இருக்க வேண்டும்.
5. கேஷ்லெஸ் ஒர்க்‌ஷாப் எது என்று கேட்டு, எழுத்துப்பூர்வமான எஸ்டிமேட் வாங்குங்கள். உங்கள் பங்கு எவ்வளவு என்பதை வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.
6. கண்ணாடியை உடைத்துப் பை, லேப்டாப் திருடியிருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். கார் பாலிசி கண்ணாடிக்குப் பணம் தரும். உள்ளே வைத்திருந்த உங்கள் உடைமைகளுக்குப் பொதுவாகத் தராது.

கண்ணாடி மாற்றிய பிறகு

புதுக் கண்ணாடியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. பசை காய எவ்வளவு நேரம் ஆகும், எப்போது வண்டியை எடுக்கலாம் என்று கேளுங்கள். கண்ணாடியில் கேமரா இருக்கும் கார் என்றால் அதை மறுபடி சரிசெய்து அமைத்தார்களா என்பதையும் உறுதிப்படுத்துங்கள்.

பலரும் மறப்பது ஃபாஸ்டேக். பழைய கண்ணாடியோடு அதுவும் போய்விடும். கிழித்து எடுத்து ஒட்டினால் வேலை செய்யாது. டேக் கொடுத்த வங்கியிடம் மாற்று டேக் கேளுங்கள். ஃபாஸ்டேக் தொடர்பான உதவிக்கு 1033.

பணம் தர மறுத்தால்

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். தீராவிட்டால் ஐஆர்டிஏஐ அமைப்பின் 'பீமா பரோசா' தளத்தில் பதிவு செய்யலாம். தொலைபேசியில் என்றால் 155255 அல்லது 1800 4254 732. நிறுவனம் ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

ஓன் டேமேஜ் பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்து வைத்த என்சிபி முழுவதும் போய்விடும். இடையில் கண்ணாடி உடைந்தால் அதற்கும் பாதுகாப்பு இருக்காது. எனவே இன்றைக்கே உங்கள் பாலிசியைத் திறந்து நான்கு விஷயங்களை மட்டும் பாருங்கள்: ஓன் டேமேஜ் முடியும் தேதி, கட்டாயக் கழிவோடு விருப்பக் கழிவும் இருக்கிறதா, என்சிபி எத்தனை சதவீதம், என்னென்ன ஆட்-ஆன்கள். அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். கல் தெறிக்கும் நாளில் தேட வேண்டியிருக்காது.