பிள்ளையைப் பார்க்க ஒரு கட்டளை

நீதிமன்றமும் நாங்களும் – 11

போன கிழமை, கசிப்பை விட்டு மீள்பவரின் உடம்பும் மனமும் படும் பாட்டை எழுதியிருந்தேன். விட்டு ஒரு வருசம் தாண்டியவர்கள் கேட்பது வேறு: "நான் திருந்திட்டன். பிள்ளையை இன்னும் ஏன் காட்டமாட்டினமாம்?"

வன்னியில் இப்படிப் பிரிந்த பிள்ளைகள் பலரைப் பிரித்தது எந்த நீதிமன்றமும் இல்லை. 2009க்குப் பிறகு எல்லாம் இழந்து வந்து குடியில் விழுந்த தகப்பன், ஓர் இரவு அடித்திருப்பார். தாய் பிள்ளைகளோடு தன் தாய் வீட்டுக்குப் போயிருப்பாள். பிறகு அவளும் குவைத்துக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போக, பிள்ளை அம்மம்மாவோடு நின்றுவிடும். அம்மம்மாவின் இந்தப் பொறுப்பு மிகப் பழையது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலேயே, தாய் இறந்து தகப்பன் மறுமணம் செய்யப்போனால் அம்மம்மாவோ நெருங்கிய உறவினரோ பிள்ளைகளை ஏற்று வளர்க்கும் வழக்கம் பதிவாகியிருக்கிறது. தாயின் சீதனத்தைத் தகப்பன் பிள்ளைகளோடு கொடுத்துவிடவேண்டும்.

ஆனால் பிள்ளை யாரோடு இருப்பது என்பதை இன்று தீர்மானிப்பது ரோமன்-டச்சுச் சட்டம். திருமணம் நிலைத்திருக்கும்வரை தகப்பனுக்கே முன்னுரிமை என்று அது சொல்கிறது. இதைத் தேத்தண்ணிக் கடையில் அரைகுறையாகக் கேட்டவர் நேரே பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கிறார். பிள்ளை மிரண்டு அழுகிறது. அதிபர் பொலிசுக்கு அறிவிக்கிறார். ஒரு வருசம் குடிக்காமல் இருந்த பாடு ஒரு பின்னேரத்தில் போய்விடுகிறது. பிள்ளையின் நலன் அந்த முன்னுரிமையை வெல்லும் என்பதை எங்கள் நீதிமன்றங்கள் எப்போதோ ஏற்றுவிட்டன. பழைய விதி இன்னும் ஏட்டில் கிடப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. அது திருந்திய தகப்பனைத் தவறான வழியில் அனுப்புகிறது. போதையிலிருந்து மீண்ட தாயோ அந்த விதியோடும் ஊர் வாயோடும் சேர்த்துப் போராட வேண்டியிருக்கிறது.

ஆகவே முதலில் பிள்ளையைத் தாருங்கள் என்று கேட்காமல், பார்க்க நேரம் கேளுங்கள். குடும்ப வழக்குகள் மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியவை. விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால் அதிலேயே கேட்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

திருந்தியதைச் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். திகதி திகதியாக எழுதப்பட்ட கிளினிக் கொப்பியைத் தொலைக்காதீர்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் வீடு பார்க்க வந்தால், பிள்ளை எங்கே படுக்கும், மலசலகூடத்துக்குக் கதவு இருக்கிறதா, நீங்கள் வயலுக்குப் போனால் யார் வீட்டில் நிற்பார், பொழுதுபட்டால் யார் யார் வந்து போகிறார்கள் என்றெல்லாம் கேட்பார். பழைய கூட்டாளிகள் இன்னும் முற்றத்தில் குந்தியிருந்தால் கொப்பி உதவாது.

தாபரிப்புக் காசை நிறுத்தவே வேண்டாம். "காட்டாட்டி காசில்லை" என்பவர்களை அடிக்கடி காண்கிறேன். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் சொல்லும் கடமை, பிள்ளையைக் காட்டுவதோடு கட்டப்பட்டதில்லை. கட்டிய காசுக்குத் துண்டு வாங்கி வையுங்கள்.

1991 இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 9 ஆவது உறுப்புரையை இந்தப் பெற்றார் ஒருமுறை வாசிக்கவேண்டும். தன் நலனுக்குப் பாதகமில்லாதவரை தாய் தகப்பன் இருவரோடும் தொடர்பில் இருப்பது அங்கே பிள்ளையின் உரிமை. அடி வாங்கிய பிள்ளை உடனே மடியில் வந்து ஏறாது. இரண்டு மணித்தியாலம், பிரதேச செயலகத்தில், அம்மம்மா பக்கத்தில் இருக்க என்று முதல் கட்டளை வந்தால் அவமானப்படாதீர்கள்; பிள்ளைக்கு அதுவே பொருத்தமாக இருக்கும். இப்படியான கட்டளைகள் முடிந்த முடிபும் இல்லை, நிலைமை மாறினால் திருத்திக் கேட்கலாம்.

இடையில் சறுக்கினால், அன்றைக்குப் பிள்ளையிடம் போகாதீர்கள். கிளினிக்குக்குப் போங்கள். மற்றப் பக்கம் சொல்ல முன்னம் உங்கள் சட்டத்தரணியிடம் நீங்களே சொல்லுங்கள்.

நீதவானின் கட்டளையில் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு வழி வேறு. அவர்களுக்கு 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தைப் பார்க்கவேண்டும். அது அடுத்த கிழமை.