பிளாஸ்திரிக்கு அடியில்

வெங்காயம் நறுக்கும்போது விரலில் பட்ட கத்தி, புதுச் செருப்பு கடித்த குதிகால், சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளையின் முழங்கால். இவற்றுக்காக எவரும் மருத்துவமனைக்கு வருவதில்லை. வரவேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. வீட்டிலுள்ள ஒட்டும் பிளாஸ்திரியே போதும். ஆயினும், ஆறாத கால் புண்ணுடன் வரும் சர்க்கரை நோயாளிகளிடம் அது எப்படித் தொடங்கியது என்று கேட்டால், "சின்னக் காயந்தான் டாக்டர், பிளாஸ்திரி போட்டிருந்தேன்" என்ற விடையை அடிக்கடி கேட்கிறேன். நடுவில் எத்தனை முறை பிரித்துப் பார்த்தீர்கள் என்ற அடுத்த கேள்விக்குத்தான் விடை கிடைப்பதில்லை. பிளாஸ்திரி காயத்தைக் காக்கும். அதே வேளையில் அதை நம் கண்ணிலிருந்து மறைக்கவும் செய்யும்.

இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 1920ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவானது. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தில் பணியாற்றிய எர்ல் டிக்சன், சமையலறையில் அடிக்கடி விரலைக் காயப்படுத்திக்கொண்ட தம் மனைவி பிறர் உதவியின்றித் தாமே கட்டிக்கொள்ளும்படி, ஒட்டுநாடாவின் நடுவே சிறு துணித்திண்டுகளை வைத்துக் கொடுத்தார். அந்த அமைப்பு இன்றும் மாறவில்லை. திண்டு காயத்தின் மேலும், பசை நல்ல தோலின் மேலும் இருக்க வேண்டும். எனவே பிளாஸ்திரி வாங்கும்போது பார்க்க வேண்டியது அதன் நீளத்தை அன்று, திண்டின் அளவை. காயத்தின் ஓரங்களைத் தாண்டித் திண்டு சற்று நீண்டிருக்க வேண்டும். பசை காயத்தில் பட்டால், பிரிக்கும்போது புதிதாக வளர்ந்த தோலும் உடன் வந்துவிடும்.

"காற்றாட விட்டால்தான் காயும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. காயும் என்பது உண்மையே. ஆனால் காய்வதும் ஆறுவதும் ஒன்றல்ல. 1962ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை ஏற்படுத்திச் சிலவற்றைத் திறந்தும் சிலவற்றை மெல்லிய படலத்தால் மூடியும் வைத்துப் பார்த்தார். மூடப்பட்ட காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகப் படர்ந்தது. காயத்தின் ஓரத்திலிருந்து நகர்ந்து வரும் தோல் செல்களுக்கு ஈரப்பதமான பரப்பு எளிய பாதை. பொருக்குத் தட்டிய இடத்தில் அவை அதற்கு அடியில் வழி தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. ஈரப்பதம் என்றால் ஊறிப்போவது என்று பொருளன்று. பிளாஸ்திரியின் அடியில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால், உடனே மாற்றுங்கள்.

மூடுவதற்கு முன் கழுவ வேண்டும். ஓடும் குழாய் நீரில் சில நிமிடங்கள் காட்டி, சுற்றியுள்ள தோலைச் சோப்பினால் தூய்மைப்படுத்தினால் போதும். அந்த நீர் குடிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமிகளோடு வளரும் செல்களையும் பாதிக்கின்றன. மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு, பற்பசை எதுவும் வேண்டாம். மஞ்சள் கிருமிநாசினி அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் தூள் கிருமி நீக்கப்பட்டதன்று. அதன் நிறமோ காயத்தைச் சுற்றிச் சிவப்புப் பரவுவதை நாம் காணவிடாமல் செய்துவிடும். காயத்தின் மேல் மெல்லிய பெட்ரோலியம் ஜெல்லிப் பூச்சு போதும், திண்டு ஒட்டிக்கொள்ளாது. பசை பிடிக்க வேண்டிய தோலில் மட்டும் அது படாதிருக்கட்டும். அத்தோலை ஈரமின்றித் துடைத்துவிடவும். நம் ஊர் வியர்வையில் பிளாஸ்திரி கழன்றுவிடுவதற்குப் பாதிக் காரணம், ஈரத்தோலில் ஒட்டுவதே.

மடங்கும் மூட்டுகளுக்குத் துணிவகையும், பாத்திரம் கழுவும் கைக்கு நீர்புகாத வகையும் ஏற்றவை. மருந்து தடவிய திண்டுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நன்கு கழுவிய சிறு காயத்துக்கு அது தேவைப்படாது. விரல் கணுவின் மேல் ஒட்டும்போது, இரு முனைகளையும் நீளவாக்கில் திண்டு வரை கத்தரித்து, அந்த வால்களைக் குறுக்காக ஒட்டினால் விரலை மடக்கினாலும் நிற்கும். விரலைச் சுற்றி இறுக்கி ஒட்டுவது ஆபத்து. காயம்பட்ட விரல் வீங்கும், பிளாஸ்திரி விரியாது. ஒட்டிய பின் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிகளுக்குள் இளஞ்சிவப்பு நிறம் திரும்பாவிட்டாலோ, விரல் மரத்துப்போனாலோ, கழற்றித் தளர்வாக ஒட்டுங்கள்.

நாளுக்கு ஒரு முறையும், நனைந்தாலோ அழுக்கானாலோ உடனேயும் மாற்ற வேண்டும். எதைப் பார்ப்பது? சிவப்பு நேற்றைவிட அகன்றிருக்கிறதா, சூடும் வீக்கமும் கூடியுள்ளனவா, சீழோ துர்நாற்றமோ உண்டா, செந்நிறக் கோடு மேலேறுகிறதா என்பவற்றை. இவற்றில் ஒன்று தென்பட்டாலும், காய்ச்சல் கண்டாலும், மருத்துவரிடம் வாருங்கள். வலி குறைவு என்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்ட காலில், உள்ளே சீழ் பிடித்தாலும் வலி தெரியாமல் போகலாம். குனிந்து உள்ளங்காலைப் பார்க்க இயலாத முதியவருக்கு, உடனிருப்பவரின் கண்தான் துணை. இத்தகையோரின் பாதக் காயம் எவ்வளவு சிறியதாயினும் ஓரிரு நாளில் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்துக்கடைகளில் கால் ஆணிக்கென விற்கப்படும் கார்ன் கேப், பார்ப்பதற்குச் சாதாரணப் பிளாஸ்திரியைப் போலவே இருக்கும். ஆனால் அதன் நடுவில் இருப்பது தோலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலம். பெரும்பாலும் 40 சதவீத வலிமை கொண்டது. உணர்ச்சி குன்றிய காலில் அது ஆணியோடு நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கும். சர்க்கரை நோயாளிகளும், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களும் அதைத் தொடவே கூடாது. அட்டையில் அச்சிட்ட எச்சரிக்கையின் எழுத்து மிகச் சிறியது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதியோரின் தோல் மெலிந்தது, பசையோடு உரிந்துவிடும். அவர்களுக்கு ஒட்டாத பாரஃபின் வலைத்துணியை வைத்து, மேலே சுருள்துணியால் தளர்வாகச் சுற்றுவதே சிறந்தது. எவருக்காயினும் வெடுக்கென்று பிய்க்க வேண்டாம். ஓரங்களில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவிச் சற்றுப் பொறுத்து, முடி வளரும் திசையில், தோலோடு தாழ்வாக மெல்ல உரிக்கலாம்.

பிளாஸ்திரியின் எல்லைக்கு அப்பாற்பட்ட காயங்களும் உண்டு. 10 நிமிடம் இடைவிடாமல் அழுத்தியும் இரத்தம் நில்லாதது, வாய் பிளந்து நிற்பது, ஆணி குத்தி ஆழமாக இறங்கியது ஆகியவற்றை மருத்துவர் பார்க்க வேண்டும். அழுக்கான காயமாக இருந்து, கடைசியாகப் போட்ட டெட்டனஸ் தடுப்பூசிக்கு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் ஒன்று தேவை. நாய் கடித்த இடத்திலோ, நகம் கீறிய இடத்திலோ பிளாஸ்திரியே ஒட்டாதீர்கள், கட்டும் போடாதீர்கள். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. இரத்தம் கசிந்த கடியாயின், காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலினும் தேவையா என்பதை அங்கேயே கேளுங்கள்.