கூடிக் கட்டிய செயலி

கல்லூரி நாளில் நாங்கள் நால்வர் கூடி, மாணவர் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளும் சமூக ஊடகச் செயலி ஒன்றை ஆக்க முற்பட்டோம். ஒருவர் திரையை வரைந்தார். ஒருவர் தரவுத்தளம் அமைத்தார். ஒருவர் கடவுச்சொற் காப்பை ஏற்றார். சர்வர் நிரல் என் பங்காயிற்று.

தவணை நெருங்கியது, வேலை முடியவில்லை. மேலும் இருவரைச் சேர்த்தோம். விளைவு என்ன? வேலை இன்னும் பின்தங்கியது! இருவர் இருவராகப் பேசும் வழிகளை எண்ணிப் பாருங்கள்: நால்வரிடையே அவை 6, அறுவரிடையே 15. புதியவர்க்கு விளக்குவதிலேயே பழையவர் பொழுது கழிந்தது. இவ்வுண்மையை பிரெட் புரூக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1975-லேயே நூலில் எழுதியிருந்தார், நாங்கள் பட்டறிந்தோம்.

மற்றொரு பிழையும் நேர்ந்தது. திரையிலிருந்து வரும் விவரத்தை நான் 'பெயர்' என்ற தலைப்பில் எதிர்பார்த்தேன். நண்பரோ 'பயனர்' என்று தலைப்பிட்டு அனுப்பினார். தனித்தனியே இருவர் நிரலும் சரியே. இணைத்தபோது ஒரு பதிவும் ஏறவில்லை. நான் அவரைக் கடிந்துகொண்டேன்; அவர் இரண்டு நாள் வரவில்லை. முன்னரே எழுதி உடன்படாத குற்றம் இருவருக்கும் பொது என உணர்ந்து, அவர் அறைக்கே சென்று வருத்தம் தெரிவித்தேன்.

பின்னர்த் தலைப்புகளை ஒரே தாளில் எழுதி அனைவரும் ஒப்பினோம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் படைத்த 'கிட்' என்னும் கருவியில், அவரவர் தனிக் கிளையில் எழுதி, பிறர் பார்வையிட்ட பின்னரே மூலத்தோடு இணைத்தோம். செயலி காலந்தாழ்ந்தே நிறைவேறியது. பிறர் பேசுவதற்கு வழி சமைக்கப் புகுந்த நாங்கள், முதலில் எங்களுக்குள் பேசக் கற்றோம்.