சொகுசுக் காரின் எஞ்சின் காட்டும் குறிகள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

முன்னுரை

நம் கல்லூரி நண்பர்களுள் சொந்தமாகக் கார் வைத்திருப்போர் மிகச் சிலரே. அப்படியிருக்க, சொகுசுக் காரைப் பற்றி இவன் ஏன் எழுதுகிறான் என்று சிலர் எண்ணக்கூடும். என் தந்தையார் பதினொரு ஆண்டுகள் ஒரு முதலாளியிடம் கார் ஓட்டுநராகப் பணிபுரிந்தவர். அந்தப் பணி அவர் கையைவிட்டுப் போனது ஓர் எஞ்சின் கோளாறினால்தான். வெப்ப இயக்கவியல் பாடத்தை வகுப்பில் கேட்டபோதுதான் அன்று நடந்தது என்ன என்பது எனக்கு விளங்கிற்று. விளங்கியதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொகுசும் மறைப்பும்

1876-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த நிக்கோலஸ் ஆட்டோ நான்கு வீச்சு எஞ்சினை உருவாக்கினார். 1886-இல் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பெட்ரோல் கார்களிலும் அடிப்படை அதுவே. காற்றும் எரிபொருளும் உள்ளே வருகின்றன, அமுக்கப்படுகின்றன, எரிந்து பிஸ்டனைத் தள்ளுகின்றன, புகையாக வெளியேறுகின்றன. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. எஞ்சியது பெரும்பாலும் புகையோடும், எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்ட் திரவத்தோடும் வெப்பமாகப் போய்விடுகிறது.

சாதாரணக் காருக்கும் சொகுசுக் காருக்கும் இதில் வேறுபாடில்லை. வேறுபாடு பயணியின் உணர்வில் இருக்கிறது. ரப்பர் தாங்கிகள் அதிர்வை விழுங்குகின்றன. கனத்த விரிப்புகள் ஓசையைத் தடுக்கின்றன. பல கார்களில் வெப்பம் ஓர் எல்லைக்குள் ஏறி இறங்கினாலும் வெப்பமானியின் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். பயணிக்கு இது சுகம். ஆனால் கோளாறின் முதற்குறிகளும் இந்தச் சுகத்தில் மறைந்துவிடுகின்றன. ஆகவே சொகுசுக் காரில் குறிகளை நாமே தேடிப் பார்க்க வேண்டும்.

வெப்பம்

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது வெப்பம். தண்ணீரும் எத்திலீன் கிளைகாலும் சரிபாதி கலந்த கூலண்ட், திறந்த பாத்திரத்தில் சுமார் 107 பாகை செல்சியஸில் கொதிக்கும். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் என்பது நாம் படித்ததே. அழுத்தம் தாங்கும் மூடியினால் எஞ்சினுக்குள் அதே திரவம் 125 பாகைக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது. ஹோஸில் சிறு கசிவோ மூடியில் தளர்வோ ஏற்பட்டால் அழுத்தம் குறைந்து, திரவம் முன்னதாகவே கொதிக்கத் தொடங்கும். அதனால்தான் சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்த கணமே கொதித்துச் சீறி முகத்தில் அடிக்கும்.

பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2004-இல் கொண்டுவந்த என்52 என்னும் ஆறு சிலிண்டர் எஞ்சினில், கூலண்டைச் செலுத்தும் பம்பை பெல்ட் சுழற்றுவதில்லை, மின்மோட்டார் சுழற்றுகிறது. பழைய பம்ப் கெடுமுன் கீச்சிடும், அல்லது சொட்டுச் சொட்டாக ஒழுகும். மின்பம்ப் முன்னறிவிப்பு ஏதுமின்றியே நின்றுவிடக்கூடும். பின்னர் எச்சரிக்கை விளக்குதான் சேதி சொல்லும்.

என் தந்தையார் ஓட்டிய காரில் இரண்டு வாரங்களாகக் கூலண்ட் குறைந்துகொண்டே வந்தது. தரையில் ஒரு சொட்டும் இல்லை. வெளியே ஒழுகவில்லையென்றால் உள்ளே போகிறது என்று பொருள். "ஐயா, பட்டறையில ஒருதரம் காட்டிடலாம்" என்று இருமுறை சொன்னாராம். "வெளிநாட்டு வண்டிப்பா, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பதே பதில்.

ஒருநாள் சேலத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்பட்டார்கள். தொப்பூர் கணவாயின் ஏற்றத்தில் இனிப்பான ஒரு வாடை வந்தது. கிளைகால் எரியும் வாடை அது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வெண்புகை. நிறுத்தட்டுமா என்று கேட்டார். "நேரமாச்சு, தருமபுரி போயிப் பார்த்துக்கலாம்" என்றார் முதலாளி. தருமபுரி வரை வண்டி போகவில்லை.

சிலிண்டருக்கும் அதன் மேல்தலைக்கும் இடையேயுள்ள ஹெட் காஸ்கெட் எரிந்து, அலுமினியத் தலையும் வளைந்திருந்தது. ஒரே வெப்பத்துக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அளவு மீறிச் சூடேறினால் அது வளைவதில் வியப்பில்லை. "தண்ணீர் பார்க்காமல் ஓட்டிவிட்டான்" என்று பழி வந்தது. அந்த மாதத்தோடு வேலையும் போயிற்று. அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன்.

புகையின் நிறம்

வெண்புகை எல்லாமே ஆபத்தன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும் என்பதை வேதியியல் சமன்பாட்டிலிருந்து நாமே கணக்கிடலாம். குளிர்ந்த காலையில் தெரியும் மெல்லிய வெண்மை அந்த நீராவியே. எஞ்சின் சூடான பின்னும் அது நீடித்தால்தான் கூலண்ட் எரிகிறது என்று ஐயுற வேண்டும்.

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு வீச்சு வந்து மறைந்தால் வால்வு சீல்கள் தேய்ந்திருக்கலாம். வண்டி ஓடும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்குகளைப் பார்க்க வேண்டும். கரும்புகை, எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லை என்பதன் அடையாளம். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். டீசல் காரில் இன்ஜெக்டரோ டர்போவின் காற்றுக்குழாயோ பழுதாகியிருக்கலாம்.

ஓசையும் அதிர்வும்

ஒரு சிலிண்டரில் எரிதல் தவறினால் வண்டி குலுங்கும். இதை நம் மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பார்கள். ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒன்று தவறினாலும் மற்ற ஐந்தும் இழுத்துச் செல்வதால், பின் இருக்கையில் இருப்பவருக்கு அது தெரியாமலே போகலாம். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் கை வைத்திருப்பவருக்குத் தெரியும்.

இன்றைய கார்களில் ஸ்கேனர் கருவியைப் பொருத்தினால் கோளாறின் எண் வரும். பி0303 என்றால் மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஸிங். ஆனால் அந்த எண் இடத்தைச் சொல்லுமே தவிரக் காரணத்தைச் சொல்லாது. நல்ல மெக்கானிக் மூன்றாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை நான்காவதில் மாற்றிப் போடுவார். இப்போது எண் பி0304 என்று வந்தால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கையோ இன்ஜெக்டரையோ இதேபோல் சோதிப்பார். நம் ஆய்வகத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்க்கும் முறையும் இதுதானே!

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் சங்கிலி குலுங்குவது போன்ற ஓசை வந்தால், டைமிங் செயின் நீண்டிருக்கிறதா, அதை இறுக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். செயின் நழுவினால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே பாழாகும்.

விளக்குகள்

ஆயில் குவளை வடிவிலான சிவப்பு விளக்கு ஆயில் அழுத்தம் குறைந்ததைக் காட்டுகிறது. அது எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். முன்சொன்ன என்52 எஞ்சின் பொருத்திய பல கார்களில் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் கிடையாது. திரையில்தான் பார்க்க வேண்டும். பார்க்கும் பழக்கமே விட்டுப்போவது இதனால் நேரும் தீமை.

எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் பட்டறைக்குச் செல்ல வேண்டும். அது விட்டுவிட்டு எரிந்தால் கடுமையான மிஸ்ஸிங் என்று பொருள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், விலையுயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும்.

முடிவுரை

என் தந்தையார் இப்போது வாடகைச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். இன்றும் சாவியைத் திருப்புமுன் குனிந்து, வண்டி நின்ற தரையைப் பார்க்கிறார். பச்சை அல்லது இளஞ்சிவப்புச் சொட்டு இருந்தால் கூலண்ட். பழுப்போ கறுப்போ இருந்தால் ஆயில். தெளிந்த நீராக இருந்தால் பெரும்பாலும் ஏ.சி. தண்ணீர், கவலையில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவருக்கு இத்தனையும் தெரியும்.

வகுப்பில் கொதிநிலையும் அழுத்தமும் நடத்திய நாளன்று வீட்டுக்குப் போய், தொப்பூரில் நடந்தது உங்கள் தவறல்ல என்று அவரிடம் விளக்கிச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். "அது எனக்குத் தெரியும்ப்பா. அவரு என்ன சொன்னாலும் நான் வண்டிய நிறுத்தியிருக்கணும்" என்றார்.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை அதிகாரிகளாகவும் மேலாளர்களாகவும் பின் இருக்கையில் அமரக்கூடும். முன் இருக்கையில் இருப்பவர், "ஐயா, வண்டியில ஏதோ சரியில்ல" என்று சொன்னால், தாமதமானாலும் பரவாயில்லை, நிறுத்தச் சொல்லுங்கள். எஞ்சின் காட்டும் முதற்குறி அவருக்குத்தான் தெரியும்.